குருட்டுப் பாம்புக்கு எத்தனை பெயர்? அறிவியல் பெயரைப் புரிந்துகொள்ளப் புதியவர்களுக்கு ஒரு வழி

மண்ணைக் கிளறுகிறீர்கள். மண்புழு மாதிரி ஒன்று நெளிகிறது, ஆனால் மண்புழுவுக்கு இல்லாத வேகம், உடம்பில் எண்ணெய் தடவினாற்போல ஒரு பளபளப்பு, ஒரு முனையில் நாக்கு நொடிப்பொழுது எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது. குருட்டுப் பாம்பு. புழுப்பாம்பு என்பார்கள், செவிப்பாம்பு என்பார்கள். படம் எடுத்தாயிற்று, இனி அறிவியல் பெயர் என்ன என்று தேட உட்கார்ந்தால்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. பழைய நூலில் டைஃப்லாப்ஸ் பிராமினஸ், கொஞ்சம் பிந்தைய கட்டுரையில் ராம்ஃபோடைஃப்லாப்ஸ் பிராமினஸ், இப்போதைய பட்டியல்களில் இண்டோடைஃப்லாப்ஸ் பிராமினஸ். மூன்று பாம்பு என்று நினைத்து நான் ஆரம்பத்தில் மூன்று தனித்தனிக் குறிப்பேட்டுப் பக்கம் போட்டு வைத்திருந்தேன், மூன்றிலும் ஒரே படத்தை ஒட்டியிருக்கிறேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அந்தக் குழப்பத்தில் விழாமல் ஒரு பெயரை எப்படிப் படிப்பது, எப்படிப் பின்தொடர்வது, கையில் உள்ள பாம்பை எந்த அளவுக்கு நம்பிக்கையோடு ஒரு பெயருக்குள் வைக்கலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். குருட்டுப் பாம்புகளையே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஊர்வனவற்றில் இந்த அளவுக்குப் பெயர் மாறிய கூட்டம் குறைவு, இதில் பழகிவிட்டால் மற்றவை எளிதாக இருக்கும்.

முதலில், அது பாம்புதானா?

பெயருக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள். உடம்பில் வளையம் வளையமாக மடிப்புகளும் ஈரமான வழுவழுப்பும் இருந்து செதில் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் அது சிசிலியன் என்கிற காலில்லாத நீர்நில வாழ்வியாக இருக்கலாம், அல்லது மண்புழுவேதான். செதில் இருக்கிறது, கண் இமைக்கிறது என்றால் காலில்லாத பல்லி, ஏனென்றால் பாம்புக்கு இமை கிடையாது. குருட்டுப் பாம்புக்கு உடம்பைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஒரே அளவுச் செதில்தான், மற்ற பாம்புகளுக்கு வயிற்றில் இருக்கும் அகலப் பட்டைகள் இதற்கு இருக்காது. கண் ஒரு செதிலுக்கு அடியில் கரும்புள்ளியாகத் தெரியும். வெளிச்சம் இருட்டு அதற்குத் தெரியும் என்பதால் 'குருடு' என்பதே கொஞ்சம் மிகைதான். வால் மிகக் குட்டை, பெரும்பாலும் நுனியில் சின்ன முள் ஒன்று இருக்கும். அந்த முள்ளை மண்ணில் ஊன்றி உடம்பைத் தள்ளும், கையில் பிடித்தால் அதையே நம் தோலில் அழுத்தும், கொட்டிவிட்டது என்று பலர் பயப்படுவது இதைத்தான். விஷம் எதுவும் இல்லை.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உள்ளது என்று நினைக்க வேண்டாம். இரண்டு சொல் அறிவியல் பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1758இல் கரீபியன் பகுதிக் குருட்டுப் பாம்பு ஒன்றுக்கு ஆங்குயிஸ் லம்ப்ரிகாலிஸ் என்று பெயரிட்டார். அதே ஆங்குயிஸ் பேரினத்துக்குள்தான் (பேரினம் என்றால் நெருங்கிய இனங்களின் தொகுப்பு) ஐரோப்பாவின் காலில்லாத பல்லியையும் வைத்தார். வயிற்றிலும் வாலடியிலும் பட்டை இல்லாமல் செதிலாகவே இருந்தால் அதெல்லாம் ஆங்குயிஸ், அவ்வளவுதான் அவர் கணக்கு. இன்று அந்தப் பல்லி ஆங்குயிஸிலேயே இருக்கிறது, பாம்பு டைஃப்லாப்ஸ் லம்ப்ரிகாலிஸ் ஆகிவிட்டது.

பெயரைப் பின்பக்கத்திலிருந்து பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் பெயரில் இரண்டு சொல். முன்னது பேரினம், பின்னது இனத்துக்கான சொல். வீட்டுப் பெயர் மாறும், ஆள் பெயர் மாறாது என்பது போல, பேரினம் ஆராய்ச்சி நகர நகர மாறிக்கொண்டே இருக்கும், இரண்டாவது சொல்தான் பெரும்பாலும் நிற்கும். ஆகவே தேடும்போது இண்டோடைஃப்லாப்ஸ் என்று தேடாமல் பிராமினஸ் என்று தேடுங்கள். முதல் சொல்லை வைத்துத் தேடினால் 2014க்கு முந்தைய எழுத்து ஏறக்குறைய எதுவுமே கிடைக்காது, அந்தப் பேரினம் பிறந்ததே அந்த ஆண்டில்தான்.

எழுதும் முறை ஒன்று உண்டு: ரோமன் எழுத்தில் பேரினத்தின் முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சொல் முழுக்கச் சின்ன எழுத்து, ஆள் பெயரிலிருந்து வந்திருந்தாலும் சின்ன எழுத்துதான், இரண்டுமே சாய்வெழுத்து. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லாததால் இந்த அடையாளம் காணாமல் போகிறது, அதோடு ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுத்துக்கூட்டுகிறோம். தமிழில் எழுதுங்கள், நானும் அப்படித்தான் எழுதுகிறேன், ஆனால் உங்கள் குறிப்பேட்டில் ரோமன் எழுத்து வடிவத்தையும் ஒரு முறை சரியாக எழுதி வைத்துவிடுங்கள். தேடுபொறிக்கு அதுதான் புரியும்.

அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை

இனப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் பெயரும் ஆண்டும் வரும். இண்டோடைஃப்லாப்ஸ் பிராமினஸ் (டோடான், 1803). டோடான் என்ற பிரெஞ்சுக்காரர் 1803இல் இந்த இனத்துக்குப் பெயர் வைத்தார் என்று இதற்குப் பொருள். சரி, அடைப்புக்குறி எதற்கு? அவர் வைத்தபோது வேறு பேரினத்தில் வைத்தார், பின்னால் யாரோ இடம் மாற்றிவிட்டார்கள் என்று சொல்வதற்கு. ஆள் பெயர் அடைப்புக்குறி இல்லாமல் நின்றால் முதலில் வைத்த பேரினத்திலேயே இன்றும் இருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவு தகவலை இரண்டு வளைவுக் கோட்டில் அடக்கியிருக்கிறார்கள். அதை 'அழகாக இல்லை' என்று எடுத்துவிடுகிற பதிப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு உதாரணம் பாருங்கள். உலகின் மிகச் சிறிய பாம்பு என்று சொல்லப்படுவது பார்படோஸ் தீவின் டெட்ராகைலோஸ்டோமா கார்லே, சுமார் 10 சென்டிமீட்டர்தான். பிளேர் ஹெட்ஜஸ் 2008இல் அதை லெப்டோடைஃப்லாப்ஸ் கார்லே என்று விவரித்தார், அப்போது அடைப்புக்குறி இல்லை. அடுத்த ஆண்டே, அவரும் சேர்ந்து எழுதிய ஓர் ஆய்வில் பேரினம் மாறியது, ஹெட்ஜஸ் 2008 என்பது அடைப்புக்குறிக்குள் போயிற்று. ஓர் ஆண்டில் ஒரு வளைவு! தாவரவியலில் மாற்றியவர் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள், விலங்கியலில் அந்த வழக்கம் இல்லை, முதலில் வைத்தவருக்கு மட்டும்தான் மரியாதை.

ஒரு பெயரின் பயணத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்து பாருங்கள்

விதிகளைப் படிப்பதைவிட ஒரு பெயரின் கதையை முழுதாகப் பின்தொடர்வது நன்றாக மண்டையில் ஏறும். பிராமினஸையே எடுத்துக்கொள்வோம்.

பேட்ரிக் ரஸ்ஸல் 1796இல் இந்தியப் பாம்புகள் பற்றிய பெரிய படநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் விசாகப்பட்டினத்திலிருந்து கிடைத்த ஒரு சின்னப் பாம்பின் படமும் விவரணையும் இருக்கிறது, தலைப்பில் அவர் கேட்ட தெலுங்குப் பெயரையே போட்டிருக்கிறார்: 'ரொண்டூ தலூலூ பாம்'. தமிழர்களுக்கு இதை மொழிபெயர்க்கவே தேவையில்லை, இருதலைப் பாம்பு. ஆனால் ரஸ்ஸல் இரண்டு சொல் லத்தீன் பெயர் வைக்கவில்லை. அதனால் விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி அந்தப் பெயர் கணக்கில் சேராது. ஏழு ஆண்டு கழித்து டோடான் அந்த விவரணையை வைத்து எரிக்ஸ் பிராமினஸ் என்று பெயரிட்டார். எரிக்ஸ் என்பது மண்ணுளிப் பாம்புகளின் பேரினம். மொட்டை வால், தலை எது வால் எது என்று தெரியாத உருவம், 'இருதலை' என்ற அதே பட்டம், இவ்வளவும் இருந்தால் யாரும் அங்கேதான் வைத்திருப்பார்கள். மண்ணுளியையும் நம்மவர்கள் இருதலை என்றுதானே சொல்கிறார்கள்.

அதன் பிறகு 1820இல் மெர்ரம் டார்ட்ரிக்ஸ் என்ற பேரினத்தில் ரஸ்ஸலின் பெயரால் ஒரு புதுப் பெயர் கொடுத்தார். முந்தையது இருக்கும்போது பிந்தையது செல்லாது, ஆகவே அது ஒத்தபெயர்ப் பட்டியலுக்கு, அதாவது ஒரே விலங்குக்கு வைக்கப்பட்ட மற்றப் பெயர்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டிலேயே பாம்பு டைஃப்லாப்ஸ் பேரினத்துக்கு வந்து நூறு ஆண்டுக்கும் மேல் அங்கே இருந்தது, 1970களுக்குப் பிறகு ராம்ஃபோடைஃப்லாப்ஸ், 2014இல் இண்டோடைஃப்லாப்ஸ். 2020இல் வான் வாலாக் இதற்கு மட்டும் விர்கோடைஃப்லாப்ஸ் என்று தனிப் பேரினம் முன்மொழிந்தார். விர்கோ என்றால் கன்னி. காரணம், இந்த இனத்தில் பெண்கள் மட்டும்தான், ஆண் துணையின்றி முட்டையிட்டு இனம் பெருக்குகிறது, உடல் செல்லில் குரோமோசோம் தொகுதி மூன்று. முழுக்க முழுக்க இப்படியே வாழும் பாம்பு என்று அறியப்பட்டிருப்பது இது ஒன்றுதான். நீங்கள் எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்களோ அதைப் பொறுத்து இண்டோவோ விர்கோவோ வரும், இரண்டில் எதை எழுதினாலும் எந்தப் பட்டியல்படி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பிராமினஸும் டோடானும் 1803உம் எப்படியும் கூடவே வரும்.

கதையில் இன்னொரு கிளை இருக்கிறது. ஒரே ஒரு பாம்பு பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறினாலே போதும், போன இடத்தில் ஒரு கூட்டமே உருவாகிவிடும். அப்படி இது வெப்பமண்டலம் முழுக்கப் பரவிவிட்டது. போன இடமெல்லாம் அங்குள்ள ஆய்வாளர்கள் 'புது இனம்' என்று பெயர் வைத்தார்கள். தாய்லாந்தில் 1962இல் கோரடென்சிஸ், குவாமில் 1969இல் சூடோசாரஸ், இப்படி. எல்லாம் இதே பாம்பு. ஒத்தபெயர்ப் பட்டியல் நீளமாக இருந்தால் எழுதியவர்கள் கவனமில்லாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம், பாம்பு நிறையப் பயணம் செய்திருக்கிறது என்றும் இருக்கலாம்.

பெயர் எதைச் சுட்டுகிறது?

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள், நானும் விழுந்தேன். அறிவியல் பெயர் ஒரு வர்ணனை என்று நினைப்போம். பெயர் உண்மையில் கட்டப்பட்டிருப்பது ஒரு மாதிரியோடு, பெரும்பாலும் ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறிக் கிடக்கும் ஒற்றைப் பாம்போடு. அதை ஹோலோடைப் என்பார்கள். நாளைக்கு ஒரு இனத்தை மூன்றாகப் பிரித்தால், ஹோலோடைப் எந்தத் துண்டுக்குள் விழுகிறதோ அந்தத் துண்டுக்குப் பழைய பெயர், மற்ற இரண்டுக்குப் புதுப் பெயர் வேண்டும். பேரினத்துக்கும் இதே கதைதான், அதற்கு மாதிரியாக ஓர் இனம் இருக்கும். டைஃப்லாப்ஸுக்கு மாதிரி இனம் மேலே சொன்ன கரீபியன் லம்ப்ரிகாலிஸ். அதனால்தான் ஆசியப் பாம்புகளும் கரீபியன் பாம்புகளும் நெருங்கிய உறவில்லை என்று மரபணு காட்டியதும் டைஃப்லாப்ஸ் என்ற பெயர் கரீபியனோடு தங்கிவிட்டது, எண்ணிக்கையில் எவ்வளவு அதிகம் இருந்தாலும் ஆசியாவும் ஆப்பிரிக்காவும் வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று.

பெயர் பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டைஃப்லாப்ஸ் என்றால் கிரேக்கத்தில் குருட்டுக் கண். இவற்றுக்கு வெளிச்சம் இருட்டு தெரியும் என்றாலும், பொருத்தமில்லை என்று யாராலும் மாற்ற முடியாது.

இனி குடும்பம்: பல்லும் உதடும்

குருட்டுப் பாம்புகளை மொத்தமாக ஸ்கோலிகோஃபிடியா என்பார்கள், புழுப் பாம்பு என்றே பொருள். 400 இனங்களுக்கு மேல், ஐந்து குடும்பங்கள். குடும்பப் பெயர்கள் 'இடே' என்று முடியும், துணைக்குடும்பம் 'இனே', இதைத் தெரிந்துகொண்டால் நீளமான பெயரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

பெரியது டைஃப்லாபிடே. அதற்கு மேல் தாடையில் மட்டும் பல். அடுத்தது லெப்டோடைஃப்லாபிடே, நூல் மாதிரி ஒல்லியான பாம்புகள், அவற்றுக்குக் கீழ்த் தாடையில் மட்டும் பல். இந்த இரண்டும் எறும்பு, கறையான் முட்டைகளையும் புழுக்களையும் வாய்க்குள் இழுக்கும் விதமே எதிரெதிர், முன்னது மேல்தாடை எலும்பை உள்ளும் வெளியும் சுழற்றி வாரும், பின்னது கீழ்த்தாடையின் முன்பகுதியை இரட்டைக் கதவு மாதிரி மடக்கி மடக்கி வாரும். மூன்றாவது அனோமலெபிடிடே, தென், மத்திய அமெரிக்காவில் மட்டும், மேலே பல் இருக்கும், கீழேயும் ஓரிரண்டு இருக்கும். இதில் டைஃப்லோஃபிஸ் என்று ஒரு பேரினம் இருக்கிறது, டைஃப்லாப்ஸ் என்று அவசரத்தில் படித்துவிட்டால் குடும்பமே மாறிப்போகும்.

மற்ற இரண்டும் 2010இல் வந்த புதுக் குடும்பங்கள், விடால் குழுவினர் பிரித்தவை. கெர்ரோபைலிடே, ஆசியாவிலும் நியூகினிப் பக்கமும். தலைச் செதில்கள் மேல் சின்னச் சின்னச் சுரப்பி போன்ற புள்ளிகள் சிதறிக் கிடப்பது இதன் அடையாளம், மற்ற குருட்டுப் பாம்புகளில் அவை செதில் விளிம்போடு நின்றுவிடும். பெட்டோம் பெயரிலும் தர்ஸ்டன் பெயரிலும் 1890இல் பெயரிடப்பட்ட தென்னிந்திய இனங்கள் இரண்டும் நூறு ஆண்டுக்கு மேல் டைஃப்லாப்ஸாக இருந்துவிட்டு இப்போது இந்தக் குடும்பத்தில். ஜீனோடைஃப்லாபிடே மடகாஸ்கரில் மட்டும், அதிலும் ஒரே இனம்.

பல்லைப் பார்ப்பதற்காக உயிருள்ள பாம்பின் வாயைத் திறக்க முயலாதீர்கள், அந்த வாய் அரிசி அளவுகூட இல்லை. வெளியிலிருந்தே ஒரு குறுக்குவழி உண்டு. கண்ணை மூடியிருக்கும் செதில் உதடுவரை இறங்கியிருந்தால் பெரும்பாலும் லெப்டோடைஃப்லாபிடே. அந்தச் செதிலுக்கும் வாய்க்கும் நடுவில் உதட்டுச் செதில்கள் வரிசையாக மறித்து நின்றால் டைஃப்லாபிடே பக்கம் தேடுங்கள். நல்ல பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்தால் இதற்குப் போதும்.

ஐந்து குடும்பங்களையும் ஒரே கூட்டமாகச் சொல்வதே சரியா என்ற கேள்வி வேறு இருக்கிறது. 2018இல் மிராலஸ் குழுவினரும் அதற்கு முன்னும் பின்னும் வந்த மரபணு ஆய்வுகள் சிலவும் அனோமலெபிடிடேயை மற்ற குருட்டுப் பாம்புகளைவிட நல்லபாம்பு, மலைப்பாம்பு உள்ளிட்ட ஏனைய பாம்புகளுக்கு நெருக்கமாக வைக்கின்றன. அப்படியானால் குருட்டுப் பாம்பு என்பது ஒரு வாழ்க்கை முறைக்குப் பெயராகிறது, குலத்துக்குப் பெயராக இருக்காது. ஸ்கோலிகோஃபிடியா என்ற சொல் பழக்கத்தால் ஓடிக்கொண்டிருக்கிறது.

செதில் எண்ணுதல், பொறுமை உள்ளவர்களுக்கு

நிறத்தை நம்பாதீர்கள். தோல் உரிக்கும் முன் பிராமினஸ் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிடும், அதை வேறு இனம் என்று பதிவிடுகிறவர்கள் நிறைய. நீளமும் குட்டிக்கும் பெரியதற்கும் மாறும். நம்பத்தக்கது செதில்.

உடம்பின் நடுப்பகுதியில் ஒரு சுற்றுக்கு எத்தனை செதில் வரிசை என்று எண்ண வேண்டும். குறுக்கே நேராக எண்ணினால் தடம் தவறும், சாய்வாக ஒரு செதிலிலிருந்து அடுத்த வரிசைச் செதிலுக்கு என்று வளைந்து வளைந்து போங்கள். லெப்டோடைஃப்லாபிடேயில் பெரும்பாலும் 14. பிராமினஸுக்கு 20, தலைக்குப் பின்னாலும் வாலுக்கு முன்னாலும் அதே 20, நடுவில் குறையாது. தீபகற்ப இந்தியாவின் கிரைபோடைஃப்லாப்ஸ் அக்யூட்டஸுக்கு இதைவிட நிறைய, மூக்கு நுனியும் கிளி அலகு மாதிரி கொக்கியாக இருக்கும், அரை மீட்டரைத் தாண்டி வளரும், ஆகவே அதைக் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. படத்திலிருந்து எண்ணுவதாக இருந்தால் மேலே, பக்கம், கீழே என்று மூன்று கோணம் வேண்டும், ஒரு படத்தில் பாதிச் சுற்றுகூட முழுதாகத் தெரியாது.

20 வந்துவிட்டது என்றவுடன் பிராமினஸ் என்று எழுதிவிடாதீர்கள், 20 வரிசை உள்ள வேறு இனங்களும் உண்டு. மூக்குத் துளையிலிருந்து கீழே வரும் கோடு எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள். மூக்குச் செதிலை இரண்டாகப் பிரிக்கும் மெல்லிய கோடு அது. பிராமினஸில் அது கண் செதிலுக்கு முன்னால் இருக்கும் செதிலைத் தொடும், உறவினர்கள் பலவற்றில் மேலுதட்டின் இரண்டாவது செதிலைத் தொடும். பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் போதும், அல்லது கைப்பேசியில் மேக்ரோ படம். பாம்பை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள்ளோ ஒளி ஊடுருவும் சின்ன டப்பாவுக்குள்ளோ ஒரு நிமிடம் விட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வெயிலில் வைத்திருந்தால் சீக்கிரம் காய்ந்து செத்துப்போகும்.

மேலுதட்டில் நாலு செதில் இருக்கும், அவற்றில் எது மேலே உள்ள செதிலின் மீது படிந்திருக்கிறது என்பதற்கு வாலாக் 1993இல் ஒரு குறியீட்டு முறை தந்தார். மூன்றாவது செதில் கண் செதிலின் மேல் படிந்தால் டி-3. விவரணைகளில் இந்தக் குறியீட்டைப் பார்த்தால் மிரள வேண்டாம், கூரை ஓடு எது எதன் மேல் படிந்திருக்கிறது என்ற கணக்குதான் அது.

2014இல் என்ன நடந்தது

பழைய நூலையும் புதிய பட்டியலையும் ஒப்பிடும்போது இந்த ஆண்டு ஒரு சுவர் மாதிரி குறுக்கே நிற்கும். லெப்டோடைஃப்லாபிடேக்கு 2009இலேயே பெரிய பிரிவினை நடந்தது. டைஃப்லாபிடேக்கு 2014இல், அதுவும் ஒரே ஆண்டில் இரண்டு தனித்தனி ஆய்வுகளாக: ஹெட்ஜஸ் குழு ஒன்று, பைரனும் வாலாக்கும் எழுதியது ஒன்று. புதிய பேரினங்கள் பலவற்றுக்கு நிலப்பகுதியை வைத்தே பெயர்: இண்டோ, மலாயோ, மடா, அமெரோ, ஆன்டிலோ, கியூபா. பெயரைப் பார்த்தே எந்தப் பக்கத்துப் பாம்பு என்று ஓரளவு சொல்லிவிடலாம், புதியவர்களுக்கு இது வசதி.

இதில் முன்னுரிமை விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல சம்பவம் இருக்கிறது. ஹெட்ஜஸ் குழு டியார்டி என்ற ஆசியப் பாம்பையும் அதன் உறவுகளையும் சேர்த்து ஆசியாடைஃப்லாப்ஸ் என்று புதுப் பேரினம் அமைத்தது. ஆனால் அதே கூட்டத்துக்குப் பொருந்தும் ஆர்கைரோஃபிஸ் என்ற பெயரை கிரே 1845இலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த ஆய்வு அதைத் தூசு தட்டி எடுத்தது. 169 ஆண்டு மூப்பு, பேச்சுக்கே இடமில்லை, ஆசியாடைஃப்லாப்ஸ் ஒத்தபெயரானது. ஆனால் அதிலிருந்து கட்டிய துணைக்குடும்பப் பெயரான ஆசியாடைஃப்லாபினே மட்டும் இன்றும் செல்லும்! பேரினம் ஒத்தபெயராகிவிட்டது என்பதற்காக மட்டும் குடும்ப மட்டப் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்று விதி சொல்கிறது. தாய்வீடு இடிந்தும் தெருப் பெயர் நிற்கிறது. ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கு 2006இல் வைத்த ஆஸ்ட்ரோடைஃப்லாப்ஸுக்கும் இதே கதி, அங்கும் கிரேயின் 1845ஆம் ஆண்டுப் பெயர் அனிலியோஸ்தான் வென்றது.

ஈற்றெழுத்து ஏன் மாறுகிறது

மொசாம்பிக் பக்கத்துப் பாம்பு ஒன்றை 1854இல் பீட்டர்ஸ் ஸ்டெனோஸ்டோமா லாங்கிகாடம் என்று பெயரிட்டார், நீண்ட வால் என்று பொருள். லெப்டோடைஃப்லாப்ஸுக்கு வந்ததும் அது லாங்கிகாடஸ். 2009இல் மைரியோஃபோலிஸுக்குப் போனதும் லாங்கிகாடா. எழுத்துப் பிழை என்று நினைத்து ஒன்றை 'திருத்தி' விடாதீர்கள். லத்தீனில் பெயரடை பேரினத்தின் பாலுக்கு ஏற்ப மாற வேண்டும்: ஸ்டெனோஸ்டோமா அலி, லெப்டோடைஃப்லாப்ஸ் ஆண், மைரியோஃபோலிஸ் பெண். ஆக நான் முன்னே சொன்ன 'பின்பக்கத்தைப் பிடியுங்கள்' என்பதற்கு ஒரு திருத்தம், தேடும்போது கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டுத் தேடுங்கள். (ஸ்டெனோஸ்டோமா என்ற பெயரே பின்னர் கைவிடப்பட்டது, ஒரு வண்டுப் பேரினம் அதை முன்பே வைத்திருந்தது. விலங்குலகில் இரண்டு பேரினத்துக்கு ஒரே பெயர் இருக்கக்கூடாது.)

ஆள் பெயரிலிருந்து வந்த சொற்கள் இப்படி ஆடாது. ஆணுக்கு 'இ', பெண்ணுக்கு 'ஏ' என்று முடியும். தர்ஸ்டனி, டியார்டி ஆண்கள் பெயரில், கார்லே ஹெட்ஜஸின் மனைவி கார்லாவின் பெயரில்.

சந்தேகம் இருந்தால் எழுதும் விதம்

எல்லாம் பார்த்தும் இனம் உறுதியாகவில்லை என்றால், அதுதான் பெரும்பாலும் நடக்கும், பேரினத்தோடு நிறுத்தி 'எஸ்பி.' என்று போடுங்கள். பார்க்க பிராமினஸ் மாதிரி இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் நடுவில் 'சிஎஃப்.' என்று வரும். நெருங்கியது, ஆனால் வேறு என்று தோன்றினால் 'அஃப்.'. இந்த மூன்று சின்னச் சொற்களையும் சாய்வெழுத்தில் எழுதமாட்டார்கள். தப்பான இனப் பெயரைவிட நேர்மையான 'எஸ்பி.' எவ்வளவோ மேல், ஏனென்றால் தப்பான பெயர் பரவல் வரைபடத்தில் ஒரு புள்ளியாக உட்கார்ந்துவிட்டால் எடுப்பது கஷ்டம்.

பெயரைச் சரிபார்க்க ரெப்டைல் டேட்டாபேஸ் என்ற இணையப் பட்டியலில் ஆரம்பியுங்கள். இனத்தின் பக்கத்தில் ஒத்தபெயர் வரிசை இருக்கும், அதை மேலிருந்து கீழ் ஆண்டு வாரியாகப் படித்தால் மேலே சொன்ன கதை முழுக்க அந்த வரிசையில் கிடக்கும். பழைய மூலநூல்களை பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், இலவசம். புதிதாக ஒரு பேரினப் பெயரைப் பார்த்து, அது யாருடைய சொந்த வெளியீட்டிலோ மட்டும் இருந்து வேறு ஆய்வாளர் எவரும் பயன்படுத்தவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், ஊர்வன உலகில் அப்படி மொத்தமொத்தமாகப் பெயர் வைப்பவர்கள் உண்டு.

குறிப்பேட்டில் நான் இப்போது எழுதும் முறை இது: முதல் வரியில் இண்டோடைஃப்லாப்ஸ் சிஎஃப். பிராமினஸ், அடுத்து எந்தப் பட்டியல், எந்தத் தேதியில் பார்த்தேன், அதன் கீழே நடுவுடல் வரிசை 20, மூக்குக் கோடு கண்முன் செதிலைத் தொடுகிறது, படங்கள் மூன்று. நாளைக்குப் பேரினம் இன்னொரு முறை மாறினால் முதல் வரியில் ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்வேன், கீழே உள்ள மூன்று வரி அப்படியே இருக்கும்.